அம்மாவுக்குப் புற்றுநோய்... பிள்ளையின் மனசுக்கு யார் வைத்தியர்?

ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓடும் சத்தம் கொஞ்சம் மாறினாலும் உடனே சுவிட்சை அணைத்து என்னவென்று பார்க்கிறோம். ஆனால் வீட்டில் துறுதுறுவென்று ஓடிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை திடீரென்று அமைதியாகிவிட்டால், "பாவம், நிலைமை புரிஞ்சு சமத்தா இருக்கான்" என்று விட்டுவிடுகிறோம். அந்தச் சமத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். 2022-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பேர் புதிதாகப் பாதிக்கப்பட்டதாகச் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மதிப்பிட்டது. இவர்களில் எத்தனையோ பேர் படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள். ஆபரேஷன், மருந்து, கதிர்வீச்சு எல்லாம் அம்மாவுக்கு. பிள்ளைக்கு? பெரும்பாலும் ஒரே மருந்துதான்: "உனக்கு எதுக்கு இதெல்லாம்? போய்ப் படி!"

சொல்லாவிட்டால் தெரியாதா?

நன்றாகத் தெரியும்! நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது எங்கள் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது. "சின்னக் கட்டிதான்" என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். ஆனால் ஊரிலிருந்து சித்தி வந்து தங்கிவிட்டார். அப்பா போன் வந்தால் எழுந்து வெளியே போய்ப் பேசினார். ஒன்பது வயதுத் தங்கை எதையும் கேட்கவில்லை. ஒருநாள் அம்மா குடித்த டம்ளரை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டு மெதுவாக என்னிடம் கேட்டாள்: "அண்ணா, தொட்டா ஒட்டிக்குமா?"

யாரும் சொல்லாததை அவளாகவே கற்பனை செய்து வைத்திருக்கிறாள். பிள்ளைகள் விஷயத்தில் உளவியல் நிபுணர்கள் சொல்வதும் இதைத்தான். உண்மையைவிட, உண்மை தெரியாத இடத்தில் முளைக்கிற பயமே பெரிது.

வயதுக்கு ஒரு பயம்

பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கு நோயின் பெயர் புரியாது. அம்மா பக்கத்தில் இல்லை என்பதுதான் புரியும். ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று அழும். விட்டுப்போன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் மறுபடி வரும்.

ஆறு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகள் காரணம் தேடுவார்கள். "நான் சண்டை போட்டதாலதான் அம்மாவுக்கு இப்படி ஆச்சோ?" என்று தன் தலையில் பழியைப் போட்டுக்கொள்வார்கள். வெளியே தெரிவது வயிற்றுவலி, தலைவலி, ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்ற அடம்.

அடுத்தது நம் வயசு. வெளியில் சிடுசிடுப்பு, உள்ளே பயம். சமையலும், ஆஸ்பத்திரி அலைச்சலும், தம்பி தங்கையும் நம் தோளில் ஏறும். கிரிக்கெட் விளையாடப் போனால்கூட, "அம்மா அங்கே படுத்திருக்கும்போது நமக்கு விளையாட்டா?" என்று மனசு குத்தும். பெண் பிள்ளைகளுக்குக் கூடுதலாக இன்னொரு கேள்வி: "நாளைக்கு எனக்கும் வருமா?" நூற்றுக்குச் சுமார் ஐந்து முதல் பத்து பேருக்கு மட்டுமே இந்த நோய் பரம்பரை மரபணுக் கோளாறால் வருகிறது. அம்மாவுக்கு வந்தாலே மகளுக்கும் வந்துதான் தீரும் என்பதில்லை. குடும்பத்தில் பலருக்கு வந்திருந்தால் டாக்டரிடமே கேட்டுவிடலாம்.

என்ன சொல்ல வேண்டும்?

நோயின் பெயரைச் சொல்லலாம். "இது ஒட்டாது, அம்மாவைக் கட்டிப்பிடிக்கலாம், இது உன் தப்பில்லை, உன்னை யார் பார்த்துக்குவாங்கன்னு ஏற்பாடு இருக்கு" என்ற மூன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். கீமோதெரபி தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் பலருக்கு முடி கொட்டத் தொடங்கும். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் குழந்தை மிரளாது. "அம்மாவுக்குச் சரியாயிடுமா?" என்று கேட்டால் பொய்ச் சத்தியம் வேண்டாம். "டாக்டருங்க நல்லா பாக்குறாங்க, என்ன நடந்தாலும் உன்கிட்ட சொல்றோம்" என்றால் போதும். அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

தங்கைக்கு நான் அன்று சொன்னது, ஒட்டாது என்ற ஒரே வார்த்தைதான். அன்று ராத்திரி அவள் அம்மா பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள். அம்மாவும் அதற்குத்தான் காத்திருந்தார் போலிருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

நம் கிளாஸிலேயே இப்படி ஒருவன் இருக்கலாம். லேப்புக்கு வரமாட்டான், ரெக்கார்டு முடித்திருக்கமாட்டான், இரண்டு பேப்பர் அரியர் விழுந்திருக்கும். "திமிரு பிடிச்சவன்" என்று முடிவுகட்டும் முன் பக்கத்தில் போய் உட்காருங்கள். நோட்ஸ் எடுத்துக் கொடுங்கள். ஆஸ்பத்திரியில் ஒருவேளை துணைக்கு இருங்கள். விஷயத்தை ஹாஸ்டல் முழுக்கப் பரப்பாதீர்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் தாமதிக்காமல் ஆசிரியரிடமோ மனநல மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்று அவனிடம் எல்லோரும் கேட்பார்கள். "நீ எப்படிடா இருக்கே?" என்று நீங்கள் கேளுங்கள்!