பேச்சு ஆங்கிலமும் பாட ஆங்கிலமும்

குன்னத்தூர் வட்டாரத்தில் நெசவாளராயினும் உழவராயினும், தம் மக்கள் ஆங்கிலம் கற்க வேண்டுமென்று விரும்பாத பெற்றோர் அரியர். பின்னலாடை ஏற்றுமதியால் திருப்பூருக்கு வெளிநாட்டுத் தொடர்பு பெருகிய பின் இவ்விருப்பம் மேலும் வலுத்தது. இது நியாயமானதே. ஆயினும் பிள்ளை நாலு வார்த்தை சரளமாகப் பேசிவிட்டால் ஆங்கிலம் வந்துவிட்டதென்று நிறைவடைவது தகுமா என்பதை அங்கத்தினர்கள் சிந்திக்க வேண்டுகிறோம்.

கனடா நாட்டுக் கல்வி ஆராய்ச்சியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் மொழித்திறனை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். நலம் விசாரிக்கவும் விலை கேட்கவும் பயன்படுவது ஒன்று. பாடநூலைப் படித்தறியவும், காரணங்காட்டி எழுதவும் வேண்டப்படுவது மற்றொன்று. ஆங்கில நாட்டில் குடியேறிய குழந்தைகளுக்கே முன்னது கைவர ஏறக்குறைய 2 ஆண்டுகளும், பின்னதில் உடன்பயில்வோருக்கு நிகராக 5 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகின்றன என்று அவர் கண்டார்.

காரணம் எளிது. பேச்சில் முகக்குறிப்பும் எதிரேயுள்ள பொருளும் துணை செய்கின்றன. நூலில் சொல் ஒன்றே துணை. தமிழிலும் இவ்வேற்றுமை உண்டு. துணி காய்கிறது என்கிறோம் நாம். ஆவியாதல் என்கிறது பாடநூல். ஆவியாதல் இன்னதென்று தமிழில் தெளிந்த சிறுவன், 'எவாப்பரேஷன்' என்னும் பெயரை மட்டும் புதிதாகக் கற்றால் போதும். தெளியாதவனோ இரண்டையும் ஒருங்கே சுமக்க வேண்டியவனாகிறான். பொருளறியாமல் மனப்பாடம் செய்வது இங்குதான் தொடங்குகிறது. கீழ் வகுப்புகளில் மறைந்திருக்கும் இக்குறை, மேல் வகுப்புகளில் வெளிப்படுகிறது.

நம் மாநிலத்தில் இதற்கான முயற்சிகள் பழமையானவை. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தொடக்க ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. வாக்கிய அமைப்புகளை வாய்மொழியாகப் பழக்குவதே அதன் முறை. பின்னர் 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு என்பார் தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் வேறு வழி கண்டார். ரெயில் கால அட்டவணையையும் ஊர்ப் படத்தையும் மாணவரிடம் கொடுத்து, ஆங்கிலத்திலேயே ஆராய்ந்து விடை காணச் செய்தார். சிந்தனையோடு சேர்ந்தே மொழி வளரும் என்பது அவர் கருத்து.

ஆங்கிலம் அறியாத பெற்றோரும் இதற்கு உதவலாம். அன்றைய பாடத்தைத் தமிழில் விளக்குமாறு பிள்ளையைக் கேளுங்கள். ஏன், எப்படி என்று வினவுங்கள். விளக்க இயலாவிடில், மொழியில் மட்டுமன்றிப் பொருளிலும் தடையுண்டு என்றறிந்து ஆசிரியரை அணுகுங்கள். அரசுப் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. ஒரே வகுப்பின் இரு நூல்களையும் அருகருகே வைத்துப் படிக்கச் செய்வது நலம். சங்கங்கள் இந்நூல்களை வாங்கி வைத்து, மாலை நேரத்தில் பிள்ளைகள் கூடிப் படிக்க இடமளித்தால் அதுவும் கூட்டுறவுப் பணியே.

பாவு சீர்படாத தறியில் ஊடையை விரைந்து ஓட்டிப் பயனில்லை என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. தாய்மொழியில் பெற்ற தெளிவே பாவு. அதைச் செவ்வனே அமைத்துப் பொறுமையுடன் காத்திருப்போமாக.