ரிடையர் பணம் 14 லட்சம். ஆறு லட்சம் அம்போ!
வாட்ச்மேன் வேலைக்கு வந்த அம்பத்தூர் பெரியவர்

சென்னை–
இரவு 10 மணி. அண்ணா நகரில் ஓர் அடுக்குமாடி வீட்டு வாசல். மடக்கு நாற்காலியில் மப்ளர் சுற்றிய பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வயது 62.

அம்பத்தூர் எஸ்டேட்டில் 31 வருஷம் லேத் ஓட்டியவர் இவர். 58 வயதில் ஓய்வு. பி.எப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து கையில் வந்தது 14 லட்சம். இன்று இரவுக் காவல்.

பணம் எங்கே போனது?

"பேர் போட்டுடாதே தம்பி, மருமகன் வீட்ல தெரிஞ்சா அசிங்கம்" என்று சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

தூண்டில் புழு

"கூட வேலை பார்த்தவன்தான் கூட்டிட்டுப் போனான். ஏ.சி. ரூம், கூல் டிரிங்க்ஸ். லட்சத்துக்கு மாசம் 20 ஆயிரம்னாங்க. ஒரு லட்சம் போட்டேன். ரெண்டு மாசம் டாண்ணு வந்துச்சு. அப்புறம் அஞ்சு லட்சம் போட்டேன். நாலாவது மாசம் போய்ப் பார்த்தா ஷட்டர்ல பூட்டு!"

மீதி 8 லட்சம் மகள் கல்யாணத்தோடு சரி. பி.எப். பென்ஷன் வீட்டு வாடகைக்குக்கூட காணாது. குறைந்தபட்ச பென்ஷன் மாதம் 1,000 ரூபாய் என்று 2014-ல் நிர்ணயித்தார்கள். அதை நம்பி யார் குடித்தனம் நடத்த முடியும்?

இவர் ஒருவர் மட்டுமா? 2022-ல் வெடித்த ஆருத்ரா வழக்கு ஊரறிந்தது. மாதம் 25, 30 சதவீதம் வட்டி என்று ஆசை காட்டி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூல் என்பது போலீசார் குற்றச்சாட்டு.

சூட்சுமம் ஒன்றும் பெரிதல்ல. முதலில் வந்தவருக்கு, பின்னால் வந்தவரின் பணத்தை எடுத்து "வட்டி" கொடுப்பார்கள். புது ஆள் வருவது நின்றால் எல்லாருக்கும் பட்டை நாமம். டெபாசிட்தாரர்களைக் காக்க தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அதன்படி சொத்தை ஜப்தி செய்யலாம். ஆனால் அதை விற்று பணம் கைக்கு வருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும்.

மூன்று பங்கு

சரி, எங்கேதான் போடுவது? வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைக் கேட்டோம். அவர் போட்ட கணக்கு இது.

"14 லட்சத்தை மூணாப் பிரிக்கணும். ஒண்ணரை லட்சம் பேங்க்ல. ஆஸ்பத்திரி, அவசரம்னா உடனே எடுக்க. பேங்க் மூழ்கினாலும், ஒரு பேங்க்ல ஒருத்தருக்கு வட்டியும் சேர்த்து அஞ்சு லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்கு. 2020 பிப்ரவரி வரை அது ஒரு லட்சம்தான்.

"பத்து லட்சம் போஸ்ட் ஆபீஸ்ல, மூத்த குடிமக்கள் திட்டத்தில். 2023 ஏப்ரல்ல 8.2 சதவீதம் வட்டி வச்சாங்க. அந்தக் கணக்குப்படி மூணு மாசத்துக்கு ஒருதரம் 20,500 ரூபாய் வரும். வட்டியை அரசாங்கம் மாத்தலாம். ஆனா நாம போட்ட அன்னைக்கு இருந்த வட்டி அஞ்சு வருஷத்துக்கு மாறாது."

60 வயது நிறைந்தவர்கள் இதில் சேரலாம். 55-க்கு மேல் ஓய்வு பெற்றவர்களும் சேரலாம். ஆனால் ஓய்வுப் பணம் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

"மீதி இரண்டரை லட்சம்?"

"பங்கு மார்க்கெட் மியூச்சுவல் பண்ட்ல, கொஞ்சம் கொஞ்சமா."

தூக்கிவாரிப் போட்டது நமக்கு. இந்த வயதில் மார்க்கெட்டா?

ஏறும், இறங்கும்

"விலைவாசி வருஷம் ஆறு சதவீதம் ஏறினா, இன்னைக்கு 20 ஆயிரத்தில நடக்கிற குடும்பத்துக்கு 12 வருஷத்தில 40 ஆயிரம் வேணும். வட்டி மட்டும் அதுக்கு ஈடு கொடுக்காது" என்றார் அவர்.

ஆனால் மார்க்கெட் நம் அவசரத்துக்குக் காத்திருக்காது. 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல் சரிந்து 26 ஆயிரத்துக்குக் கீழே வந்தது. பயந்து விற்றவர்களுக்கு நஷ்டம். அந்த நவம்பரிலேயே 42 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

எப்போதும் இப்படி சீக்கிரம் எழுந்துவிடுமா? கிடையாது. 2008 ஜனவரியில் 21 ஆயிரத்தைத் தொட்ட சென்செக்ஸ் அக்டோபரில் 8 ஆயிரத்துக்கும் கீழே போனது. மறுபடி 21 ஆயிரம் வர 2010 நவம்பர் ஆயிற்று.

"மார்க்கெட் ஏறட்டும்னு பொண்ணு கல்யாணத்தை ரெண்டு வருஷம் தள்ளிப்போட முடியுமா சார்? அஞ்சு, ஆறு வருஷத்துக்குத் தொட வேண்டாத பணம்தான் அங்கே போகணும்" என்றார் கேஷியர். "நாமினி பேரை எழுதாம கவுண்டரை விட்டு நகரக்கூடாது" என்றும் சொன்னார்.

இந்தக் கணக்கை வாட்ச்மேன் பெரியவரிடம் சொன்னோம். விரலை மடக்கி எண்ணினார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"என் வீட்டுக்காரி அன்னைக்கே போஸ்ட் ஆபீஸ்ல போடுன்னா தம்பி. உனக்கு என்னடி தெரியும்னு நான்தான் அதட்டினேன்."

கார் ஒன்று ஹாரன் அடித்தது. கேட்டைத் திறக்க எழுந்து ஓடினார்.