எடிட்டர் மறைந்தாலும் தரவு பிழைக்க வேண்டும்

நிரல் எழுதுகிறவர்களின் பட்டறை டெக்ஸ்ட் எடிட்டர். அதில் இல்லாத வசதியை வெளியிலிருந்து சேர்க்கும் சிறு நிரல்தான் எக்ஸ்டென்ஷன். கிட்ஹப் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ஆட்டம் எடிட்டர் 2022 டிசம்பரில் முடிவுக்கு வந்தபோது, அதை மட்டுமே நம்பி எழுதப்பட்ட எக்ஸ்டென்ஷன்களும் ஆதரவை இழந்தன. ஆனால் 2004இல் மேக் கணினிக்காக வந்த டெக்ஸ்ட்மேட் எடிட்டரின் வண்ண விதிக் கோப்பு முறை சப்ளைம் டெக்ஸ்ட், ஆட்டம், விஎஸ் கோட் என்று வரிசையாகக் குடியேறி இன்றும் வாழ்கிறது. அந்தக் கோப்பில் இருப்பவை பெயர், மதிப்பு, பட்டியல், சரம், அவ்வளவுதான். ஓர் எக்ஸ்டென்ஷன் சேமிக்கிற, வெளியே அனுப்புகிற தரவு இந்த எளிய வடிவங்களைத் தாண்டக் கூடாது என்பதே என் வாதம்.

தாண்டினால் என்ன ஆகும்? ஜாவாஸ்கிரிப்டில் மேப் என்ற அமைப்பில் நூறு பதிவுகளை வைத்து அப்படியே ஜேசான் என்ற எளிய எழுத்து வடிவத்துக்கு மாற்றினால், வெற்று அடைப்புக்குறிதான் மிஞ்சும். பிழைச் செய்திகூட வராது, அதுதான் கொடுமை. நியோவிம் எடிட்டரில் பயன்படும் லுவா மொழியில் பட்டியலுக்கும் அகராதிக்கும் டேபிள் என்ற ஒரே அமைப்புதான். காலி டேபிள் இரண்டில் எது என்று தரவைப் பெறும் மறுமுனைக்குத் தெரியாது. ஆகவே காலி அகராதிக்கென்றே தனி ஃபங்ஷன் ஒன்றை நியோவிம் தர வேண்டியிருந்தது.

எளிய வடிவம் வேகத்தைக் குறைக்கும் என்பார்கள். செலவு உண்டு, ஈமாக்ஸ் எடிட்டர் 2020இல் தன் 27ஆம் பதிப்பில் ஜேசான் வேலையைச் சி மொழிக்கு மாற்றியது அதனால்தான். ஆனாலும் எடிட்டரும் நிரல்மொழி உதவி தரும் சர்வர் நிரலும் பேசிக்கொள்ள 2016இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த லாங்குவேஜ் சர்வர் நெறிமுறை, நாம் தட்டச்சு செய்யச் செய்ய, மாற்றங்களை ஜேசானாகவே அனுப்புகிறது. ஒரு மொழிக்கு ஒருமுறை எழுதிய சர்வர் விஎஸ் கோட், நியோவிம், ஈமாக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. அந்தச் செலவுக்கு இந்தப் பலன் தாராளம்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஈமாக்ஸின் மார்க்கர், நியோவிம்மின் எக்ஸ்ட்மார்க் போன்றவை உரை மாற மாறத் தாமும் நகர்ந்து இடத்தைச் சரியாகக் காட்டும். வெறும் வரி எண்ணுக்கு அந்தத் திறன் கிடையாது. உண்மைதான். அதனால் வேலை நடக்கும்போது அவற்றையே பயன்படுத்தலாம்; சேமிக்கும்போதும் அனுப்பும்போதும் மட்டும் வரி எண்ணாகவும் வரிக்குள் உள்ள இட எண்ணாகவும் மாற்றினால் போதும்.

அந்த எண்ணுக்கும் அலகு வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடு குறிகளாக ஐந்து. யுடிஎஃப்-8 பைட்டுகளாகப் பதினைந்து. நியோவிம்மின் இட எண்கள் பெரும்பாலும் பைட்டுகளில். ஈமாக்ஸ் குறிகளை எண்ணுகிறது. லாங்குவேஜ் சர்வர் நெறிமுறையின் இயல்பான கணக்கு யுடிஎஃப்-16. வேறு அலகைப் பேசி முடிவு செய்துகொள்ளும் வசதி 2022இல் வந்த 3.17 பதிப்பில்தான் சேர்ந்தது. ஆங்கில எழுத்துகளுக்கு எல்லா அலகும் ஒரே விடை தருவதால், ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவருக்கு இந்தத் தவறு கண்ணில் படாது. எக்ஸ்டென்ஷன் எழுதுகிறவர்களே, எந்த அலகில் எண்ணுகிறோம் என்பதைத் தரவோடு சேர்த்தே எழுதிவையுங்கள். சோதனைக் கோப்பில் ஒரு தமிழ் வரியையும் ஓர் இமோஜியையும் சேர்த்துவிடுங்கள்.