ஏழு முறை மின்னும் விளக்கு

1970-களின் கடைசியில் பேலி நிறுவனம் செய்த பின்பால் இயந்திரம் ஒன்றின் பின்பெட்டியைத் திறந்து, மின்சாரம் கொடுத்ததும் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான். உள்ளே திருகப்பட்டிருக்கும் பிரதான சர்க்யூட் போர்டில் சின்னதாக ஒரு சிவப்பு எல்இடி இருக்கும். ஸ்விட்சைப் போட்டவுடன் அது லேசாகத் துடித்து அணையும். அதற்குப் பிறகு எண்ண ஆரம்பிக்க வேண்டும். ஒருமுறை மின்னினால், ஆட்டத்தின் புரோகிராம் பதிந்த ரோம் சிப்புகள் நலம். இரண்டாவது மின்னல் 128 பைட் தற்காலிக நினைவகத்துக்கு. மூன்றாவது, அதிகபட்ச ஸ்கோரை பேட்டரியின் துணையோடு நினைவில் வைத்திருக்கும் 5101 சிப்புக்கு. நான்கும் ஐந்தும், விளக்குகளுக்கும் ஸ்விட்சுகளுக்கும் போர்டுக்கும் இடையில் நிற்கும் இரண்டு பிஐஏ சிப்புகளுக்கு. ஆறாவது, எண்காட்டிகளை ஓட்டும் டைமருக்கு. ஏழாவதும் மின்னிவிட்டால், குண்டைத் தட்டும் மின்காந்தச் சுருள்களான காயில்களை இயக்கும் 43 வோல்ட் மின்சாரம் வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள். ஆட்டம் தொடங்கலாம்.

நான்கோடு நின்றுவிட்டதா? ஐந்தாவது சோதனையில் கோளாறு. அந்த சிப்பைப் பார்த்தால் போதும். திரை கிடையாது, அச்சாகி வரும் பிழைச் செய்தி கிடையாது. ஒற்றை விளக்கை வைத்துக்கொண்டு தன் நோயைத் தானே சொல்லும்படி ஒரு கேளிக்கைப் பெட்டியை வடிவமைத்த அந்தப் பொறியாளர்கள்மீது எனக்குத் தீராத மரியாதை உண்டு. பழுது பார்க்க வருபவரை மனத்தில் வைத்து வேலை செய்தவர்கள் அவர்கள்.

அந்த போர்டுகளில் பலவற்றில் இன்று ஒரு மின்னல்கூட வருவதில்லை. அவற்றுக்கு மாற்றாகப் புது போர்டு செய்பவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பின்பால் என்றதும் நம்மில் பலருக்கு விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த ‘ஸ்பேஸ் கேடட்’ நினைவுக்கு வரும். அது திரையில் ஓடிய நிழல். அசல் பெட்டியில் 27 மில்லிமீட்டர் விட்டமும் 80 கிராம் எடையும் கொண்ட எஃகுக் குண்டு, சாய்வான மரப்பலகைமேல் உண்மையாகவே மோதி உருளும். இந்தத் தொழிலின் தலைநகரம் அமெரிக்காவின் சிகாகோ. காட்லீப், பேலி, வில்லியம்ஸ் என்ற மூன்று பெரிய நிறுவனங்களும் அங்கேதான் இருந்தன. குண்டைத் தட்டிவிடும் ஃபிளிப்பர் 1947-இல் காட்லீபின் ‘ஹம்ப்டி டம்ப்டி’ ஆட்டத்தில் வந்தது. சூதாட்டம் என்று சொல்லி நியூயார்க் நகரம் 1940-களில் பின்பாலைத் தடைசெய்தது. 1976 வரை அந்தத் தடை நீடித்தது.

தடை நீங்கிய மறுவருடமே இயந்திரத்தின் உட்புறம் தலைகீழாக மாறியது. அதுவரை ஸ்கோரைக் கூட்டியது, பந்துகளை எண்ணியது எல்லாமே ரிலேக்களும், படிப்படியாக நகரும் சக்கரங்களும், ஒரு சின்ன மோட்டாரும்தான். 1977-இல் மூன்று நிறுவனங்களும் மைக்ரோபிராசசருக்கு வந்துவிட்டன. பேலி தேர்ந்தெடுத்தது மோட்டரோலாவின் 6800. வீட்டுக் கணினி என்பதைப் பெரும்பாலோர் கண்ணால்கூடப் பார்த்திராத காலத்தில், ஒரு காசு போட்டு மைக்ரோபிராசசரோடு மோதிப் பார்க்கும் வாய்ப்பு மதுக்கடைக்கு வந்தவர்களுக்குக் கிடைத்தது. அந்த வருடம் வந்த ‘எய்ட் பால்’ 20,230 பெட்டிகள் விற்றது. 1992-இல் ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’ வந்து 20,270 விற்கும்வரை அந்தச் சாதனை அசையவில்லை.

விசித்திரம் என்னவென்றால், 1965-ஆம் வருடத்து ரிலே இயந்திரத்தை இன்றைக்கும் ஒரு மெல்லிய அரமும் பொறுமையும் இருந்தால் எழுப்பிவிடலாம். தொடுமுனைகளைத் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்தால் ஓடும். அதைவிட இளையவையான 1977-க்குப் பிந்தைய இயந்திரங்கள்தான் முதலில் சாகின்றன. அவற்றைக் கொன்றது பெரும்பாலும் ஒரு பேட்டரி.

மின்சாரத்தை நிறுத்தினாலும் ஸ்கோரும் வசூல் கணக்கும் மறந்துவிடக் கூடாது என்பதற்காக, பிரதான போர்டிலேயே 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்றை ஈயம் வைத்துப் பற்றவைத்தார்கள். இயந்திரம் தினமும் ஓடிக்கொண்டிருந்தவரை அது சார்ஜ் ஏறிக்கொண்டே இருந்தது. நான்கைந்து வருடம் காசு வசூலித்துவிட்டு இயந்திரம் ஓய்ந்துவிடும் என்பதுதான் அன்றைய கணக்கு. நாற்பது வருடம் கழித்து ஒருவர் அதைத் தேடி வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. கிடங்கில் கிடந்த காலத்தில் பேட்டரி வடிந்து, வாய்பிளந்து, உள்ளிருந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடைக் கசியவிட்டது. அந்தக் காரம் செம்புத் தடங்கள் வழியே, மேற்பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்து போகும். போகும் இடமெல்லாம் பச்சைக் களிம்பு. பேட்டரிக்குப் பக்கத்தில்தான் பிராசசரை எழுப்பிவிடும் ரீசெட் பகுதியும் இருக்கிறது. அது போனால் சிவப்பு விளக்கு ஒருமுறைகூட மின்னாது.

இதைக் கைவேலையால் மீட்க முடியாதா? முடியும், சேதம் குறைவாக இருந்தால். வினிகர் தொட்டுக் காரத்தை முறித்து, கழுவி உலர்த்தி, செம்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்ட வேண்டும். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது என்பதால் இதில் குறுக்குவழி கிடையாது. அரித்துப்போன தடங்களுக்குப் பதிலாகக் கம்பி இழுக்க வேண்டும். சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். கை தேர்ந்தவருக்கே பல நாள் பிடிக்கும் வேலை. அதன் பிறகும், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு துளைக்குள் மிச்சமிருக்கும் காரம் இரண்டு வருடம் கழித்துத் திரும்ப வரலாம்.

புது போர்டு வாங்கலாம் என்றால், செய்த நிறுவனங்கள் இல்லை. பேலியின் பின்பால் பிரிவு 1988-இல் வில்லியம்ஸ் கைக்குப் போனது. காட்லீப் 1996-இல் மூடியது. வில்லியம்ஸ் 1999 அக்டோபரில் பின்பாலையே கைவிட்டது. இந்த வெற்றிடத்தில்தான் சிறு பட்டறைகள் முளைத்தன. ஆல்டெக் சிஸ்டம்ஸ், ராட்டன்டாக் அம்யூஸ்மென்ட்ஸ் போன்ற பெயர்களைப் பின்பால் பழுதுபார்ப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். பழைய போர்டின் அதே அளவு, அதே திருகுத் துளைகள், அதே கனெக்டர்கள். உள்ளே மட்டும் இன்றைய உதிரிகள். பேட்டரி கிடையாது, மின்சாரம் இல்லாமலே நினைவை வைத்திருக்கும் சிப் அதன் வேலையைச் செய்கிறது. பேலியின் போட்டியாளரான ஸ்டெர்ன் எலக்ட்ரானிக்ஸ், ஏறக்குறைய பேலி போர்டின் நகலையே பயன்படுத்தியதால், ஒரே மாற்று போர்டு 1977 முதல் 1985 வரையிலான இரண்டு நிறுவன ஆட்டங்களுக்கும் பொருந்தும். எந்த ஆட்டம் என்பதைச் சிறு ஸ்விட்சுகளைத் தள்ளித் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பேலி ஒவ்வொரு இயந்திரத்தோடும் முழு சர்க்யூட் படங்களைத் தந்தது. எந்தக் கம்பி என்ன நிறம், எந்த முனையில் எத்தனை வோல்ட், எந்த சிப்பின் எந்தக் கால் எங்கே போகிறது என்று அத்தனையும் அச்சில் இருந்தன. ஊருக்கு ஊர் இயந்திரம் வைத்து நடத்தியவர்கள் தாங்களே பழுது பார்த்தாக வேண்டும் என்பதால் தரப்பட்ட காகிதங்கள் அவை. அந்தக் காகிதங்கள் இல்லையென்றால் மாற்று போர்டு என்ற தொழிலே பிறந்திருக்காது.

படம் இருந்தும் போதாமல் போன கதையைக் காட்லீபிடம் பார்க்கலாம். ‘கிளியோபாட்ரா’, ‘ஜோக்கர் போக்கர்’, ‘ஜீனி’ ஆகியவற்றை இயக்கிய அவர்களின் ‘சிஸ்டம் 1’ போர்டில் ராக்வெல் நிறுவனத்தின் நான்கு-பிட் சிப்புகள் இருந்தன. கால்கள் நான்கு வரிசையாக விரிந்திருப்பதால் பழுதுபார்ப்பவர்கள் அவற்றைச் சிலந்தி என்பார்கள். ஆட்டத்துக்கு அடிப்படையான புரோகிராம் அந்தச் சிலந்திகளுக்குள்ளேயே பதிந்திருந்தது. ராக்வெல் அவற்றைச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது. சந்தையில் வேறு யாரும் செய்யவில்லை. சிலந்தி செத்தால் போர்டு செத்தது. இதற்கு முழுப் போர்டையும் புதிதாகச் சிந்தித்தவர்களே வழி கண்டார்கள். ‘நி-வம்ப்’ என்ற மாற்று போர்டு அப்படி வந்தது. பிறகு ஜெர்மனியிலிருந்து ‘லிசி’ என்ற திட்டம் வந்தது. தன்னார்வலர்கள் எழுதிய பின்மேம் என்ற மென்பொருளை 65 மில்லிமீட்டர் நீளமுள்ள ராஸ்பெர்ரி பை கணினியில் ஓட்டி, அதை அசல் விளக்குகளோடும் காயில்களோடும் இணைத்தார்கள். லினக்ஸ் ஓடும் முழுக் கணினி ஒன்று, தன் பலத்தையெல்லாம் அடக்கிக்கொண்டு, 1970-களின் நான்கு-பிட் சிப்பாக நடந்துகொள்கிறது. அதைச் செய்து முடித்தவர்களின் உழைப்பை எத்தனை புகழ்ந்தாலும் தகும்.

ஆனால் புது போர்டு வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் பணத்தை எரிக்கிறார்கள். பழைய வயரிங்கைச் சோதிக்காமல் புது போர்டை மாட்டுவது, ஒழுகும் கூரைக்குக் கீழே புதுப் பாய் விரிக்கிற கதைதான். காயிலுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் டிரான்சிஸ்டர் எரிந்திருந்தால், அது ஏன் எரிந்தது என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு காயிலின் குறுக்கேயும் ஒரு சின்ன டயோடு உண்டு. காயில் அணையும்போது எழும் மின்னழுத்தத்தை அது விழுங்கிக்கொள்ளும். பல வருட அதிர்வில் அதன் கால் ஒடிந்திருந்தால், அந்த அழுத்தம் முழுதும் நேராக டிரான்சிஸ்டரைத் தாக்கும். டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகிவிட்டால் காயில் அணையவே அணையாது. சூடேறிக் கருகி, தான் எரிவதோடு மற்றதையும் எரிக்கும். ஆகவே போர்டை மாட்டும் முன் மல்டிமீட்டரை எடுத்து, ஒவ்வொரு காயிலின் மின்தடையையும் அளந்து பார்க்க வேண்டும். ஃப்யூஸ்களையும் பார்க்க வேண்டும்: வெள்ளிக்கிழமை இரவு வசூல் போய்விடக் கூடாதே என்று, அளவுக்கு மீறிய ஃப்யூஸை யாரோ எப்போதோ போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். விளக்குகளுக்குப் போகும் கனெக்டர்கள் பழுப்பேறிக் கருகியிருந்தால், போர்டுப் பக்கத்துப் பின், கம்பிப் பக்கத்து முனை இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

புது போர்டு போட்டால் இயந்திரம் அசல் அல்ல என்று சில சேகரிப்பாளர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குண்டு உருளும் பலகையும் அதன் ஓவியமும் காயில் அடிக்கும் சத்தமும் அப்படியே இருக்கும்போது, உள்ளே கணக்குப் போடும் போர்டு மாறியதால் ஆட்டம் மாறிவிடாது. இரண்டு இடங்களில் மட்டும் நான் அசலின் பக்கம் நிற்பேன். ஒன்று, எண்காட்டிகள். 190 வோல்ட் வரை கொடுத்து வாயுவை ஒளிரச் செய்யும் அந்த ஆரஞ்சு வெளிச்சம் எல்இடியில் வராது. மங்கும்வரை அதை வைத்திருப்பதே நல்லது. மற்றது, சவுண்டு போர்டு. 1980-இல் வந்த ‘ஸெனான்’ ஆட்டத்தில் ஒலிக்கும் பெண்குரல் இசைக்கலைஞர் சூசன் சியானியுடையது. பின்பாலில் முதன்முதலாகக் கேட்ட பெண்குரலும் அதுவே. அந்தப் பழைய சர்க்யூட்டின் வடிகட்டிகள் வழியாக வரும்போதுதான் அதற்கு அந்தத் தொனி. அதைக் கடைசிவரை காப்பாற்றிப் பார்க்க வேண்டும். கழற்றிய எந்த போர்டையும் எறியக் கூடாது. பேட்டரியை வெட்டியெடுத்து, கழுவி உலர்த்தி, உறையில் போட்டு இயந்திரத்தின் அடிப்பெட்டியிலேயே வைக்கலாம்.

மாற்று போர்டுகளைப் பற்றி எனக்கு ஒரு கவலை உண்டு. பேலி சர்க்யூட் படத்தைத் தந்தது. இன்று புது போர்டு செய்பவர்களில் சிலர் தருவதில்லை. உள்ளே இருக்கும் மைக்ரோகன்ட்ரோலரின் புரோகிராமும் பூட்டி வைக்கப்படுகிறது. ஒருவரோ இருவரோ நடத்தும் பட்டறைகள் இவை. நகலெடுப்பவர்கள் தங்கள் பிழைப்பைக் கெடுத்துவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் பட்டறைக்காரர் ஓய்வு பெற்றுவிட்டால், அந்த போர்டு பழுதாகும் நாளில் அதைத் திறந்து பார்க்க யாராலும் முடியாது. ராக்வெல்லின் சிலந்தி போலவே அதுவும் ஊமையாகிவிடும். விற்பனையை நிறுத்தும் நாளிலாவது படத்தையும் புரோகிராமையும் பொதுவில் விடுவேன் என்று செய்பவர்கள் உறுதி சொல்ல வேண்டும். வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். விலையும் வசதியும் சமமாக இருந்தால், படம் தருகிற போர்டுதான் நல்ல போர்டு.

பின்பால் பெட்டி நம் வீடுகளில் இருக்காது. ஆனால் பரணில் பழைய டேப் ரெக்கார்டர், மின்னணு பொம்மை, ரிமோட் ஏதாவது கிடக்கும். இன்றே இறக்கி அதன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பழைய வானொலிப் பெட்டியின் பின்மூடியில் ஒட்டிய சர்க்யூட் படமோ, மடித்து வைத்த சர்வீஸ் மேனுவலோ கண்ணில் பட்டால் கிழித்தெறியாமல் ஒரு போட்டோவாவது எடுத்துப் பொதுவில் வையுங்கள். உங்களுக்குத் தெரியாத யாரோ ஒருவர் அதைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.