இடுக்கணில் மகிழ்ச்சி: ஓசூர் – கிருஷ்ணகிரி தொழில் எல்லைப் பகுதிச் சூழலில் பிலிப்பியர் திருமுகம்

ஆய்வுச் சுருக்கம்

துன்பக் காலத்தில் மகிழ்ந்திருக்குமாறு கிறித்தவ மறை அறிவுறுத்துகிறது. இவ்வறிவுரை துன்புறுவோருக்கு ஆறுதலாகவும் அமையலாம். அவர்தம் வாயை அடைக்கும் கருவியாகவும் மாறலாம். புதிய ஏற்பாட்டிலுள்ள பிலிப்பியர் திருமுகம் மகிழ்ச்சியைத் தனிமனித மனநிலையாகக் கொள்ளாமல், துன்பத்தில் ஒருவர்க்கொருவர் பங்குகொள்வதால் பிறக்கும் பயனாகக் காட்டுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. திருக்குறளின் இரு அதிகாரங்களும், எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் ஒப்புநோக்கப்படுகின்றன. ஓசூர் – கிருஷ்ணகிரி தொழில் எல்லைப் பகுதியின் வாழ்க்கைச் சூழல் இவ்விளக்கத்திற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மகிழ்ச்சி, இடுக்கண், பிலிப்பியர் திருமுகம், திருக்குறள், இரட்சணிய யாத்திரிகம், ஓசூர், புலம்பெயர் தொழிலாளர்.

முன்னுரை

வேலை இழந்தவர், நோயுற்றவர், உறவினரைப் பறிகொடுத்தவர் ஆகியோரிடம் 'மகிழ்ந்திருங்கள்' என்று கூறுவது எளிதன்று. அவ்வாறு கூறுவதற்கு உரிமை உடையவர் யார், எந்நிலையில் கூறலாம், கூறியபின் அவர் செய்ய வேண்டியது யாது என்னும் வினாக்கள் உடனே எழுகின்றன. கிறித்தவ வழிபாட்டிலும் மறையுரைகளிலும் மகிழ்ச்சி பற்றி மிகுதியாகப் பேசப்படுவதால் இவ்வினாக்கள் கிறித்தவச் சமயத்திற்கு இன்றியமையாதவை. இவற்றுக்குரிய விடையைப் பிலிப்பியர் திருமுகத்தின் அமைப்பிலேயே காண இயலும்.

எல்லையும் தொழிலும்

ஓசூர் பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. தமிழகத்தின் ஜூஜூவாடியைக் கடந்ததும் கருநாடகத்தின் அத்திப்பள்ளி தொடங்குகிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய மொழிகள் இப்பகுதியின் தெருக்களில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. 1970களில் சிப்காட் தொழில் வளாகம் அமைந்தபின் அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் முதலிய நிறுவனங்களின் ஆலைகள் இங்கு எழுந்தன. அவற்றைச் சார்ந்து சிறு, குறு தொழிற்கூடங்கள் பல பெருகின. தருமபுரி மாவட்டத்திலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிக்கப்பட்டது. 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று.

இவ்வளர்ச்சியோடு நிலையின்மையும் வந்தது. பெரிய ஆலையில் உற்பத்தி குறையுமாயின், அதற்கு உதிரிப்பாகம் செய்து தரும் சிறு கூடத்தில் ஒப்பந்தத் தொழிலாளரின் வேலை முதலில் பாதிக்கப்படுகிறது. பணிமுறை வாரந்தோறும் மாறுவதால், ஒரே அறையில் தங்கும் இருவர் ஒருவரையொருவர் விழித்த நிலையில் காண்பதே அரிதாகிறது. தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்தோர்க்கு உறவினர் அருகில் இல்லை.

துன்பம் இப்பகுதிக்குப் புதியதன்று. 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம், ஓசூரும் கிருஷ்ணகிரியும் அடங்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தையும் அண்டை மைசூர் நாட்டையும் கடுமையாகத் தாக்கியது. கிறித்தவமும் இங்குத் தொழிற்சாலைகளோடு வந்ததன்று. எலத்தகிரி, மத்திகிரி போன்ற ஊர்களில் கத்தோலிக்கர் ஆலைகளுக்கு முன்பிருந்தே வாழ்ந்து வருகின்றனர். 1930இல் நிறுவப்பட்ட சேலம் மறைமாவட்டத்திலிருந்து 1997இல் தருமபுரி மறைமாவட்டம் பிரிந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் இதற்குள் அடங்கும். பழைய ஊர்க்கோயில்களின் மக்களும் வேலை தேடி வந்த புதியவர்களும் இன்று ஒரே வழிபாட்டில் அமர்கின்றனர். இச்சூழலில் படிக்கும்போது பிலிப்பியர் திருமுகம் புதிய பொருள் தருகிறது. அத்திருமுகத்தைப் பெற்ற மக்களும் ஏறத்தாழ இத்தகையதோர் ஊரில் வாழ்ந்தவர்களே.

பிலிப்பி என்னும் பெருவழி நகரம்

பிலிப்பி இன்றைய கிரேக்க நாட்டின் வடகிழக்கில் இருந்த நகரம். மக்கெதோனிய மன்னர் இரண்டாம் பிலிப்பு கி.மு. 356இல் அதனைக் கைப்பற்றித் தம் பெயரிட்டார். அருகிலிருந்த பொற்சுரங்கங்கள் அதற்குக் காரணமாயின. பின்னர் அது உரோமைக் குடியேற்ற நகரமாயிற்று. கிழக்கையும் மேற்கையும் இணைத்த எக்னாத்தியா பெருவழி அதனூடே சென்றது. வணிகரும் படைவீரரும் அடிமைகளும் பிற நாட்டவரும் அந்நகரில் கலந்து வாழ்ந்தனர்.

அங்குக் கிறித்தவம் தோன்றிய வரலாற்றைத் திருத்தூதர் பணிகள் நூலின் 16ஆம் அதிகாரம் கூறுகிறது. அந்நகரில் பவுலின் செய்தியை ஏற்றவர்களுள் முதலில் குறிப்பிடப்படுபவர் லீதியா. அவர் அவ்வூரினர் அல்லர். ஆசியா மைனரிலுள்ள தியத்தீரா நகரிலிருந்து வந்து செந்நிற ஆடை விற்றவர். வந்தேறியான அப்பெண்ணின் இல்லமே நம்பிக்கையாளர் கூடும் இடமாயிற்று. பவுலும் சீலாவும் சிறைப்பட்டதற்குப் பொருளாதாரக் காரணமும் இருந்தது. குறிசொல்லிப் பணம் ஈட்டித் தந்த அடிமைப் பெண்ணொருத்தியை அவர்கள் நலப்படுத்தியதால், அவளுடைய உரிமையாளர் வருவாய் இழந்தனர். அவர்களே பவுலையும் சீலாவையும் சந்தைவெளிக்கு இழுத்துச் சென்றனர். அடிபட்டு, கால்கள் தொழுவில் மாட்டப்பட்ட நிலையில், இருவரும் நள்ளிரவில் இறைவனைப் பாடினர். ஏனைய கைதிகள் அதனைக் கேட்டுக்கொண்டிருந்தனர் என்று அந்நூல் குறிக்கிறது. பிலிப்பியரிடம் மகிழ்ச்சி பற்றிப் பின்னாளில் எழுதிய பவுலை, அவர்தம் ஊர்ச் சிறையிலேயே பாடியவராக அம்மக்கள் அறிந்திருந்தனர்.

திருமுகத்தில் மகிழ்ச்சி

பவுல் இத்திருமுகத்தையும் காவலில் இருந்தே எழுதினார். அக்காவல் உரோமையிலா, எபேசிலா, செசரியாவிலா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நான்கு அதிகாரங்களும் 104 வசனங்களும் கொண்ட இச்சிறு மடலில் மகிழ்ச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொற்கள் பெயராகவும் வினையாகவும் 16 முறை வருகின்றன. 'கரா' என்னும் மகிழ்ச்சிச் சொல்லும் 'கரிஸ்' என்னும் அருட்சொல்லும் கிரேக்கத்தில் ஒரே வேரின. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதனைச் 'சந்தோஷம்' என்றும், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'மகிழ்ச்சி' என்றும் வழங்குகின்றன.

நான்காம் அதிகாரத்தில் வரும் மகிழ்ச்சி பற்றிய ஏவல் பெரிதும் அறியப்பட்டது. அது கிரேக்கத்தில் பன்மை ஏவல். பலரை ஒருங்கே நோக்கியது. தமிழில் 'மகிழுங்கள்' என்னும் வடிவம் பன்மைக்கும் மரியாதை ஒருமைக்கும் பொதுவாதலால், தனியே படிக்கும் ஒருவர் அதனைத் தமக்கு மட்டும் கூறியதாகக் கொள்ள இடமுண்டு. அவ்வாறு கொள்ளும்போது மகிழ்ச்சி அவர் ஒருவரது கடமையாகிவிடுகிறது. மகிழ இயலாமை அவர் குற்றமாகிறது. ஏவலுக்குச் சற்று முன் உள்ள வசனங்களையும் சேர்த்துப் படித்தால் பொருள் தெளிவாகும். எவோதியா, சிந்திக்கே என்னும் இரு பெண்கள் ஒருமனப்பட வேண்டும் என்றும், அவர்களுக்கு மற்றொருவர் துணைநிற்க வேண்டும் என்றும் பவுல் வேண்டுகிறார். அதன் பின்னரே மகிழ்ச்சிக்கான அழைப்பு வருகிறது. முறிந்த உறவு சீர்படுவது மகிழ்ச்சிக்கு வழியாக அமைகிறது.

மடலின் இறுதிப் பகுதி ஒரு நன்றியுரை. பிலிப்பியர் தம் நன்கொடையை எப்பப்பிராதித்து என்பவர் வழியே பவுலுக்கு அனுப்பியிருந்தனர். நிறைவிலும் குறைவிலும், உண்டும் பசித்தும் வாழத் தாம் கற்றுக்கொண்டதாகக் கூறும் பவுல், அத்துடன் நில்லாமல், தம் துன்பத்தில் அவர்கள் பங்குகொண்டது நற்செயல் என்றும் எழுதுகிறார். முதற்கூற்று மட்டும் எடுத்துரைக்கப்பட்டால் மனவுறுதி பற்றிய போதனையாக நின்றுவிடும். இரண்டும் சேர்ந்த நிலையிலேயே அவர் குறிக்கும் மகிழ்ச்சி முழுமை பெறுகிறது. மக்கெதோனியத் திருச்சபைகள் கடும் வறுமையிலும் மகிழ்ச்சி பொங்க வாரி வழங்கியதாகக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்திலும் அவர் குறிப்பிடுகிறார்.

துயரத்திற்கும் இடம்

மகிழ்ச்சியின் மடல் எனப்படும் இதில் கண்ணீரும் உண்டு. எப்பப்பிராதித்து நோயுற்றுச் சாவின் விளிம்புக்குச் சென்றதையும், அவர் இறந்திருந்தால் தமக்குத் துயரத்தின்மேல் துயரம் நேர்ந்திருக்கும் என்பதையும் பவுல் மறைக்கவில்லை. மூன்றாம் அதிகாரத்தில் தாம் அழுதுகொண்டே கூறுவதாக எழுதுகிறார். திருப்பாடல்கள் நூலிலும் புலம்பற்பாடல்கள் பல உள்ளன. அவற்றுள் 88ஆம் பாடல் ஆறுதல் ஏதுமின்றி இருளிலேயே முடிகிறது. புலம்புதல் நம்பிக்கைக் குறைவு என்று விவிலியம் கருதவில்லை. வழிபாட்டுப் பாடல்களுள் ஒன்றாகவே அதனைச் சேர்த்து வைத்திருக்கிறது. இறந்தோரை எண்ணி இரங்கும் கையறுநிலையைத் தனித் துறையாகப் போற்றிய தமிழ் இலக்கிய மரபுக்கு இது அயலானதன்று.

குறளின் இரு இடங்கள்

துன்பத்தை எதிர்கொள்ளுதல் பற்றித் தமிழர் முதலில் நினைவுகூர்வது திருக்குறளின் 63ஆம் அதிகாரமான இடுக்கண் அழியாமை. இடுக்கண் வரும்போது நகுமாறு அதன் முதற்குறள் அறிவுறுத்துகிறது. தடைகளையெல்லாம் கடந்து வண்டியை இழுத்துச் செல்லும் எருது அவ்வதிகாரத்தின் உவமை. அங்குப் பேசப்படுவது தனியொருவரின் உள்ளத் திண்மை.

'இடுக்கண்' என்னும் அதே சொல் நட்பு அதிகாரத்தின் 788ஆம் குறளிலும் வருகிறது. ஆடை நழுவும்போது கை விரைந்து சென்று காப்பதுபோல, நண்பனின் இடுக்கணை அப்போதே களைவது நட்பு என்பது அதன் கருத்து. ஓரிடத்தில் இடுக்கண் நகைத்து வெல்லப்படுகிறது. மற்றோரிடத்தில் நட்பின் கையால் களையப்படுகிறது. துன்புறுவோர்க்கு முதலதிகாரத்தை மட்டும் ஓதுபவர் வள்ளுவரைப் பாதியே படித்தவராவார். குறளில் வெவ்வேறு அதிகாரங்களில் நிற்கும் இவ்விரு கருத்துகளும் பிலிப்பியர் திருமுகத்தில் ஒரே மடலுக்குள் இணைகின்றன. வள்ளுவரின் நகைக்கு ஊற்று முயற்சியுடையாரின் ஊக்கம். பவுலின் மகிழ்ச்சிக்கு ஊற்று கிறித்துவின்மேல் கொண்ட பற்றுறுதி. இவ்வேறுபாட்டையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

வழித்துணையும் பாடலும்

இச்சிந்தனை தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் காப்பிய வடிவம் பெற்றது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். கம்பரின் நடையில் தோய்ந்த அவர், ஆங்கிலேயரான ஜான் பனியனின் மோட்சப் பயண நூலைத் தழுவி 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். பனியன், அனுமதியின்றி மறையுரை ஆற்றியதற்காக 1660 முதல் 1672 வரை பெட்போர்டு சிறையில் இருந்தவர். பவுலைப் போலவே அவரும் சிறையை அறிந்தே எழுதினார்.

பனியனின் கதையில் பயணி தனியே வீடுபேறு அடைவதில்லை. அவநம்பிக்கை அரக்கனின் கோட்டையில் அடைபட்டபோதும், இறுதி ஆற்றில் மூழ்கும் நிலை வந்தபோதும் நம்பிக்கை என்னும் தோழன் உடனிருந்து தாங்குகிறான். இக்கதையைத் தமிழாக்கிய கிருஷ்ணபிள்ளை, காப்பியத்தின் இடையே இரட்சணிய தேவாரம் என்னும் இசைப்பாடல்களையும் அமைத்தார். தேவாரம் என்ற பெயரே தமிழ்ப் பக்தி மரபின் கூட்டு வழிபாட்டை நினைவூட்டுவது. துன்பம் நீங்கிய பின்னரே பாடுவது என்றில்லாமல், பயணத்தின் நடுவிலும் பாடல் எழுவது இந்நூல் காட்டும் நெறி.

ஓசூர்ச் சூழலில் பொருத்தம்

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் பொதுமுடக்கம் தொடங்கியது. ஆலைகள் நின்றன, மாநில எல்லைகளில் போக்குவரத்து தடைப்பட்டது. ஒரு மாநிலத்தில் உறங்கி மறு மாநிலத்தில் உழைத்தோர்க்கு, அதுவரை ஒரு பெயர்ப்பலகையாக மட்டும் இருந்த எல்லை சுவராயிற்று. கிறித்தவர்க்கு ஆண்டின் பெரும் மகிழ்ச்சித் திருநாளாகிய உயிர்ப்பு ஞாயிறு அவ்வாண்டு ஏப்ரல் 12 அன்று, பொதுமுடக்கத்தின் நடுவே வந்தது. கோயில்களில் மக்கள் கூடவில்லை. அத்தகைய நாளில் மகிழ்ச்சி என்னும் சொல்லுக்கு என்ன பொருள் இருக்க முடியும் என்பதே இக்கட்டுரையின் வினா.

பிலிப்பியர் திருமுகம் மூன்று அளவுகோல்களைத் தருகிறது. முதலாவது, மகிழ்ச்சிக்கு அழைப்பவரின் நிலை. பவுல் விலங்கில் இருந்து எழுதினார். ஊதியம் குறைக்கப்பட்டவரிடம், அதனால் பயனடைபவர் மகிழ்ந்திருக்கச் சொல்வாராயின், அச்சொல் இத்திருமுகத்தைச் சார்ந்ததன்று. இரண்டாவது, துயரத்தைச் சொல்ல இடமுண்டா என்பது. அழுகையை அடக்கி எழுப்பப்படும் ஆர்ப்பரிப்புக்குத் திருமுகத்தில் சான்றில்லை. மூன்றாவது, பங்குகொள்ளுதல். பிலிப்பியரின் மகிழ்ச்சி ஒரு மனிதர் நெடுவழி நடந்து கொண்டுசேர்த்த பொருளோடு சேர்ந்தே வந்தது.

தொழில் எல்லைப் பகுதியில் இம்மூன்றும் எளிய வடிவங்களைக் கொள்ளலாம். கத்தோலிக்கப் பங்குகளின் அன்பியக் கூட்டங்களும் சீர்திருத்தச் சபைகளின் வீட்டு ஜெபக் கூட்டங்களும் சிலர் மட்டும் கூடும் சிறு வட்டங்கள். ஒருவர் வராவிட்டால் அங்குத் தெரியும். இரவுப்பணி முடித்து வருவோர்க்கு ஏற்ற வேளையில் வழிபாடு, வேலை இழந்தவரின் அறை வாடகைக்கு உதவி, வேறு மொழி பேசும் நோயாளிக்கு மருத்துவமனையில் துணை ஆகியன மகிழ்ச்சி பற்றிய மறையுரைக்குப் புறம்பானவை அல்ல. லீதியாவின் இல்லம் அயலூராரின் இல்லமாகவே இருந்தது. வந்தேறியர் உதவி பெறுவோராக மட்டுமல்லாமல், சபையைத் தம் இல்லத்தில் ஏற்போராகவும் விளங்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

முடிவுரை

துன்பத்தில் மகிழ்ச்சி என்பது துன்பத்தை மறுப்பதாகவோ அதன் காரணங்களை ஏற்றுக்கொள்வதாகவோ பிலிப்பியர் திருமுகத்தில் அமையவில்லை. அது அருளினின்று தோன்றி, பலரால் பகிரப்பட்டு, கண்ணீரோடு ஒருங்கே நிற்பது. வள்ளுவர் நகையையும் நட்பையும் ஒரே சொல்லால் இணைத்தார். கிருஷ்ணபிள்ளை வழிநடைத் துன்பத்தின் நடுவே பாடலை வைத்தார். மகிழுமாறு அழைப்போர், அழைக்கப்படுவோரின் இடுக்கணில் பங்குகொள்ளும்போதே அவ்வழைப்பு நம்பத்தக்கதாகிறது. ஓசூரின் ஒற்றை அறையில் வேலையின்றி இருப்பவருக்கு அத்திருமுகம் சென்று சேரும் வழி, அவர் கதவைத் தட்டும் ஒருவரின் கையே ஆகும்.