மல்லாங்கிணற்று வெயிலுக்கு ஒரு பிலிம் ரோல்

கருப்பு வெள்ளை பிலிமில் படம் எடுக்க ஆசைப்படுகிறவரை முதலில் மிரட்டுவது விலை, அடுத்தது பெயர்கள். பெயர்கள்தான் ஏராளம். பிலிமுக்கு ரசாயனப் பூச்சு பூசும் ஆலைகளை இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அருப்புக்கோட்டையில் ஒரே தறியில் இறங்கிய சேலை, கடைக்குக் கடை வேறு பையில் போவதில்லையா? அதே கதைதான். ஆலை பெரிய ரோலாகப் பூசித் தரும். வாங்குகிறவர் தன் பெயர் போட்ட பெட்டியில் அடைத்து விற்பார். இதில் ஏமாற்று ஒன்றுமில்லை.

நம்மிடமும் ஓர் ஆலை இருந்தது. ஊட்டியில் 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். அதன் 'இந்து' பிலிமை ஒரு தலைமுறை ஸ்டூடியோக்காரர்கள் மறக்க மாட்டார்கள். அது மூடியபின் எல்லாமே இறக்குமதிதான்.

ஆகவே பெட்டியின் முன்பக்கத்தை விடுங்கள், எந்த நாட்டில் செய்தது என்று பாருங்கள். இங்கிலாந்து என்றால் பெரும்பாலும் இல்ஃபோர்டு பிலிம் செய்கிற ஹார்மன் ஆலை. அதன் மலிவு வகை கென்ட்மியர். இப்போது வரும் அக்ஃபாபோட்டோ ஏபிஎக்ஸ் அங்கே பூசப்படுவதுதான். செக் நாடு என்றால் 1921-இல் தொடங்கிய ஃபோமா. அமெரிக்காவில் அரிஸ்டா என்று விற்பதும், காஸ்மோ ஃபோட்டோ மோனோ என்று வருவதும் ஃபோமாவின் சரக்கு. பெல்ஜியத்தில் வானிலிருந்து நிலத்தைப் படமெடுக்கச் செய்த அவிஃபாட் பிலிம், ரோலெய் பெயரில் வருகிறது. இதன் அடித்தளம் பாலியெஸ்டர். வெளியே நீட்டியிருக்கும் நுனி வழியாக வெளிச்சம் உள்ளே ஊர்ந்துவிடும். கருவேல மர நிழலிலாவது நின்று கேமராவில் மாட்டுங்கள்.

எதை வாங்கலாம்? நம் ஊருக்கு ஐஎஸ்ஓ 100 வேக பிலிமே போதும் என்பது என் கட்சி. உச்சி வெயிலில் அபெர்ச்சர் 16 வைத்தால், 100 பிலிமுக்கு ஷட்டர் 1/125. அதே வெயிலில் 400 பிலிம் 1/500 கேட்கும். பழைய யாஷிகா பலவற்றில் அதுதான் எல்லை, அபெர்ச்சரைத் திறக்க வழியே இருக்காது. இந்த வெயிலில் சிக்கல் வெளிச்சம் அல்ல, நிழல். துண்டை முக்காடு போட்டவர் முகம் கரிக்கட்டையாக விழும். முகத்து நிழலுக்கு ஒரு ஸ்டாப் கூடுதலாக, அதாவது இரண்டு மடங்கு, வெளிச்சம் கொடுங்கள். டெவலப் நேரத்தை ஐந்தில் ஒரு பங்கு குறையுங்கள்; வெள்ளை வேட்டி வெளுத்துப் போகாது. மேகம் வேண்டுமென்றால் மஞ்சள் ஃபில்டர். அதற்கு இன்னொரு ஸ்டாப்.

திருச்சுழிக் கோயில் மண்டபம் போன்ற இருட்டில் ஃபோமா தனிக்கணக்குக் கேட்கும். ஃபோமா 100-இல் மீட்டர் 1 விநாடி காட்டினால் 2 விநாடி. 10 காட்டினால் 80 விநாடி. ஸ்டாண்டு இல்லாமல் போகாதீர்கள்.

சூடுதான் மெய்யான பகை. ரோலை வண்டிப் பெட்டியில் வைத்துவிட்டு டீக்கடையில் உட்காராதீர்கள். ஃபிரிட்ஜில் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, எடுத்தபின் ஒரு மணி நேரம் கழித்தே திறக்க வேண்டும். இல்லையென்றால் ஈரம் படியும். டெவலப்பர் அட்டவணைகள் 20 டிகிரிக்கு எழுதியவை. நம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மே மாதம் கையைச் சுடும். மண்பானைத் தண்ணீர் எடுங்கள். காய்ந்த காற்றில் அது நன்றாகவே குளிரும். கொஞ்சம் ஐஸ்கட்டி சுற்றி வைத்தால் 24 டிகிரிக்கு இறக்கலாம். 24-இல் நேரம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு: 20 டிகிரியில் 9 நிமிடம் என்றால் இங்கே 6. டெவலப்பர் மட்டுமல்ல, ஃபிக்சரும் கழுவும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும். சட்டென்று மாறினால் பூச்சு சுருங்கி வெடிக்கும்.

கடைசிக் கழுவலுக்கு மட்டும் கேன் தண்ணீர். என் முதல் ரோலை உப்புக் கிணற்று நீரில் அலசிக் கொடியில் மாட்டினேன். அந்த வருஷம் கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை; என் பிரிண்டில் மட்டும் கண்மாய்க்கு மேலே வானம் முழுக்க வெள்ளைத் தூறல்.