வாப்பாவின் கடன் கணக்கு

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிறு முற்பகல். நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதே காரணம் என்றார் மின்சக்தி அமைச்சர்.

யாழ்ப்பாணத்தில் எனது இரும்புக் கடையில் கணினி அணைந்தது. நெடுநாள் வாடிக்கையாளரான மேசன் ஒருவர் வந்து, "நானா, என்ர பாக்கி எவ்வளவு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. காசோடு வந்தவரைத் திருப்பி அனுப்பினேன்.

அன்று வாப்பாவை நினைத்தேன். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு வயது 17. கடையோடு கடன் கொப்பியையும் விட்டுத்தான் வந்தோம். புத்தளம் முகாமில் அமர்ந்து, கொழும்பு மொத்த வியாபாரிகளுக்குத் தான் கொடுக்க வேண்டியதை வாப்பா மனதிலிருந்தே எழுதினார். யாரும் கேட்கவில்லை. பல வருடங்கள் எடுத்து, ஒவ்வொன்றாகக் கொடுத்து முடித்தார்.

வர்த்தக சகோதரர்களே, கணினி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருப்பு பார்க்கவும் பட்டியல் போடவும் அது பெரிய உதவி. ஆனால் நம்முடைய கடனை நாமே அறியாத நிலைக்கு அது கொண்டுபோய்விடக் கூடாது. கடனை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் கட்டளையிடுகிறது. அந்தப் பொறுப்பு மனிதனுடையது, இயந்திரத்தினுடையது அல்ல.

இப்போது தினமும் கடை பூட்டுமுன் பாக்கிகளைக் கொப்பியில் கையால் எழுதுகிறேன். மகன் சிரிக்கிறான். பத்து நிமிட வேலைதான். எழுத எழுத, ஆட்களின் முகமும் கணக்கும் மீண்டும் மனதில் நிற்கின்றன.